ஏழாம் படுக்கையின் நாடி

காலை ஒன்பதரைக்கு நாங்கள் மூன்று பேரும் அந்த ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்கு வந்து சேர்ந்தோம். புதிய கட்டடம் கண்ணாடியும் வெளிச்சமுமாக ரோட்டைப் பார்த்து நிற்கிறது. பழையது அதன் பின்னால், வண்டி நிறுத்தும் இடத்தைத் தாண்டி, கேட்பாரற்றுக் கிடக்கிறது. லிஃப்டில் ‘பழுது’ என்று ஓர் அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழுப்பேறிப் போயிருந்தது. மூன்று மாடி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, கோபமும் வந்தது. அன்றைக்கு எதைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வந்தது. அது கோபமில்லை, பயம் என்று இப்போது சொல்ல முடிகிறது.

முன்னால் ஏறிப்போனவர் எங்கள் டீம் லீடர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஹெட்மாஸ்டர். யாருடைய கம்ப்யூட்டர் முன்னால் நின்றாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அடுத்து வந்தவன் அகராதி. ஆபரேட்டிங் சிஸ்டம் பற்றி எதைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வான் என்பதால் அந்தப் பெயர். சொல்லும்போது கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பான், அதனால் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. கடைசியாக நான். எனக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். என் காதுபட யாரும் சொன்னதில்லை.

மூன்றாம் மாடி இருதய நோயாளிகளின் வார்டு. பன்னிரண்டு படுக்கைகள். ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நோயாளியின் மார்பில் ஒட்டிய வயர்கள் அதற்குள் போகும். பன்னிரண்டு பெட்டிகளும் அனுப்புவதை வாங்கி, நர்ஸ் மேஜைக்கு எதிர்ச்சுவரில் இருக்கும் பெரிய ஸ்கிரீனில் பன்னிரண்டு வரிகளாக ஓட்டிக் காட்டுவது எங்கள் மென்பொருள். எவருடைய இதயமாவது தடுமாறினால் அவருடைய வரி சிவப்பாகும், மணி அடிக்கும். அப்படிச் சொல்லித்தான் விற்றோம்.

எட்டு நாளைக்கு முன்பு ஏழாம் படுக்கையில் ஒருவர் இறந்துபோனார். மணி அடிக்கவில்லை. அவர் மூச்சு நின்ற பிறகும் பதினோரு நிமிடம் அவருடைய வரி பச்சையாகவே ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதினோரு நிமிடமும் மேஜையில் உட்கார்ந்திருந்த நர்ஸ் என் அக்கா.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணைக் கமிட்டி கூடுகிறது. மென்பொருளில் கோளாறு என்றால் எங்கள் கம்பெனி மாட்டும். கோளாறு இல்லையென்றால் ஸ்கிரீனைப் பார்க்காமல் தூங்கிவிட்டாள் என்று அக்கா மாட்டுவாள். நர்ஸ் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் அவள் வேறு எந்த வேலையும் பார்த்தவளில்லை.

வார்டுக்குள் நுழைந்ததும் ஃபினைல் வாடையும் வெந்த துணியின் வாடையும் மூக்கில் ஏறின. அக்கா மேஜைக்குப் பின்னால் நின்று மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நோயாளிகளைத் தொடக்கூடாது என்று அவளுக்கு உத்தரவு. இரண்டு அறை வீட்டில் தங்கையான நானும் அவளும் மட்டும்தான் இருக்கிறோம். எட்டு நாளாக எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாளே தவிர, முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஹெட்மாஸ்டர் ஏதோ கேட்க வாயைத் திறந்ததும் அவள் நிமிர்ந்து, என்னைக் கேட்காதீர்கள், அதைப் பாருங்கள் என்று சுவரைக் காட்டினாள்.

ஏழாம் படுக்கை காலி. விரிப்பில்லாத வெறும் மெத்தை. தலைமாட்டுப் பெட்டியைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள், ஆணி மட்டும் இருந்தது.

சுவரில் ஏழாம் வரி ஓடிக்கொண்டிருந்தது.

பச்சை நிறத்தில், நிதானமாக. இரண்டு துடிப்பு சரியாக வரும். மூன்றாவது கால் தடுக்கினாற்போலத் தாமதித்து வரும்.

அகராதி சிரித்தான். மெமரியில் துடைக்காத குப்பை, போன பேஷண்ட் யாரோ விட்டுவிட்டுப் போனது என்றான்.

“யாரோ இல்ல. அவர்தான்,” என்றாள் அக்கா.

குரலை உயர்த்தாமல் சொன்னாள். இறந்தவர் ஒரு தையற்காரர். அவரைக் கொண்டுவந்து படுக்க வைத்ததும், வயர் ஒட்டுவதற்கு முன்பு, அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணியிருக்கிறாள். இதே மூன்றாம் துடிப்பின் தடுமாற்றம். அப்போது அவர், பக்கத்தில் யாராவது இருப்பார்களா அம்மா என்று கேட்டாராம். இவள் சுவரைக் காட்டி, அது பார்த்துக்கொள்ளும் ஐயா என்று சொல்லிவிட்டு மேஜைக்குப் போயிருக்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கையில் இருந்த மாத்திரை அட்டை நொறுங்கியது.

ஹெட்மாஸ்டர் எங்களை சர்வர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பெயர்தான் சர்வர் அறை. முன்பு வார்டின் துணிகளை வைத்த அறை அது. சுவரெல்லாம் மரத் தட்டுகள். ஒரு தட்டில் எங்கள் மெஷின், மற்றவற்றில் யாரும் எடுக்காத பழைய விரிப்புகள் மடித்தபடி கிடந்தன. ஏ.சி. மட்டும் நன்றாக வேலை செய்தது. கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தம் அறுந்துபோனது.

நடந்தது என்ன என்பதை நான் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அறையின் விரிப்புகளை வைத்தே சொல்லலாம். ஒரு நிரல் மெமரியில் இடம் கேட்டால், ஆபரேட்டிங் சிஸ்டம் முந்தைய ஆள் விட்டதையெல்லாம் துடைத்து, வெறும் பூஜ்யமாக்கித்தான் கொடுக்கும், விரிப்பு மாற்றிய படுக்கை மாதிரி. ஆனால் ஒவ்வொரு முறையும் அதனிடம் போய்க் கேட்டு நின்றால் நேரமாகும். ஆகவே எங்களைப் போன்றவர்கள் பெரிய இடமாக ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொண்டு, நாங்களே துண்டு போட்டுக் கொடுப்போம். ஒரு நோயாளி வந்தால் ஒரு துண்டு. அவர் போனால் அதே துண்டு அடுத்தவருக்கு. நடுவில் துடைக்க வேண்டியது எங்கள் வேலை.

அதற்கு எங்கள் நிரலில் ஒரே ஒரு வரி இருந்தது. ஸ்கிரீன் அரை நொடி பின்தங்குகிறது என்று ஹெட்மாஸ்டர் என்னை எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்த அன்று, நான் அந்த வரியை எடுத்தேன். புது நோயாளியின் துடிப்பு எப்படியும் பழையதன் மேல் வந்து விழத்தானே போகிறது, துடைப்பானேன் என்று நினைத்தேன். வேகம் கூடியது. அடுத்த மீட்டிங்கில் கைதட்டினார்கள்.

தையற்காரருக்கு அப்படி வந்து விழவில்லை. அவருடைய பெட்டி முதல் நொடியிலேயே உறைந்துபோயிருக்கிறது, ஒரு துடிப்பைக்கூட அனுப்பவில்லை. துடைத்திருந்தால் பூஜ்யம் தெரிந்து அப்போதே மணி அடித்திருக்கும். துடைக்காததால், அந்தத் துண்டில் அவருக்கு முன்பு இருந்து, குணமாகி வீட்டுக்குப் போன ஒரு பெண்ணின் துடிப்பு சுற்றிச் சுற்றி ஓடியது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணின் இதயத்தை. இது அதுவரை எனக்கும் ஹெட்மாஸ்டருக்கும் மட்டும் தெரியும். அகராதி மெஷினைத் திறந்த பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். திரும்பி என்னைப் பார்த்தான்.

“நீயா எடுத்தே? முதல் வருஷம் படிக்கிறவன்கூட இதைச் செய்யமாட்டான்.”

ஹெட்மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வரியைத் திரும்பப் போடு, அது எப்போதுமே அங்கே இருந்ததாகத் தேதியை மாற்று, அன்றைக்கு மெஷின் தானே எழுதி வைத்த லாகை அழி என்றார். ஏதோ டீ வாங்கி வரச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் அக்கா பெயரை எடுத்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அருகில் வந்தார். அந்த மாற்றத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று கேட்டார். உன் அக்காவுக்கு வெறும் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடியும், உனக்கு ஜெயில் என்றார். நான் கோழை. அது ஒன்றும் எனக்குப் புதிய செய்தி இல்லை. சரி என்றேன்.

முதலில் அந்த ஏழாம் வரியை நிறுத்த வேண்டும். கமிட்டி வரும்போது காலிப் படுக்கைக்கு நாடி ஓடினால் எல்லாம் அம்பலம். அகராதி அந்தத் துண்டை எடுத்து முழுதாகப் பூஜ்யம் போட்டான். திரும்பப் படித்துப் பார்த்தான். பூஜ்யம்தான். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

வரி ஓடிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து நானும் அவனும் வாக்குவாதத்தில் இறங்கினோம். மெமரி போதாமல் டிஸ்கில் தள்ளி வைத்த பழைய பக்கம் ஏதாவது திரும்பி வருகிறதா என்றேன். டிஸ்கில் எதையும் தள்ளவில்லை, இடம் தாராளமாக இருக்கிறது என்று அவன் முகத்தில் அடித்தாற்போலச் சொன்னான். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிரல், வேறொரு ப்ராசஸ், அதே இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறதா என்றேன். இரண்டு ப்ராசஸுக்கு நடுவே சுவர் எழுப்பத்தானே ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது, அதுகூடத் தெரியாதா என்றான். மெமரிக் குப்பையைத் தானே பொறுக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தால் இந்தக் கதியே வந்திருக்காது, உன்னைப் போன்றவர்கள் கையில் மெமரியைக் கொடுத்தது தப்பு என்றான். அது நியாயமான பேச்சுதான். ஆனாலும் அவன் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது.

பிறகு அவன் பேச்சு திடீரென்று நின்றது. ஸ்கிரீனை மூக்கு முட்டுகிற தூரத்தில் பார்த்தான்.

“அந்தப் பொண்ணோட துடிப்பு சீரா இருந்துச்சு. இது அவளோடது இல்ல,” என்றான் மெதுவாக.

தையற்காரருடையது என்றால், அவரிடமிருந்து ஒரு துடிப்புகூட இந்த மெஷினுக்குள் வந்ததே இல்லை. துடைக்காமல் விட்டதில் மிச்சம் கிடக்கலாம். வராதது எப்படி மிச்சம் கிடக்கும்?

 

அகராதி வார்டுக்குச் சொல்லி அனுப்பினான், பத்து நிமிடம் எல்லா நோயாளிகளையும் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பிறகு எங்கள் நிரலையே கொன்றான். பதினோரு வரிகள் அணைந்தன. ஏழாம் வரி ஓடியது. மெஷினின் மின்சாரத்தைப் பிடுங்கினான். விசிறிகள் சுழன்று அடங்கின. நான் போய் ஸ்கிரீனின் பின்பக்கம் கையை விட்டு மெஷினிலிருந்து வரும் வயரைக் கழற்றி வெளியே எடுத்தேன். அது என் கையில் இருந்தது.

கறுத்த ஸ்கிரீனில் ஒரே ஒரு பச்சை வரி.

இரண்டு. பிறகு தடுக்கி ஒன்று.

ஒன்பதாம் படுக்கைக்காரர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா மேஜையில் இருந்தபடி என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எட்டு நாளாக இதை அவள் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி மெஷினை ஓட வைத்தோம். அகராதி ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களின் பட்டியலை எடுத்தான். கடைசியில் ஒன்று பெயரில்லாமல் நின்றது. அவன் விரல் அதன் மேல் நின்றுவிட்டது. எந்த ப்ராசஸையும் இன்னொரு ப்ராசஸ்தான் பெற்றெடுக்கும், பெற்றது செத்துவிட்டால் முதல் ப்ராசஸ் அதைத் தத்து எடுத்துக்கொள்ளும் என்று மனப்பாடமாகச் சொன்னான். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

“இதுக்கு யாருமே இல்ல. யாரும் பெறல. யாரும் எடுத்துக்கவும் இல்ல.”

அவன் கொல்லச் சொல்லிக் கட்டளை கொடுத்தான். ஆறு முறை கொடுத்தான். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் கீழே டீக்கடையில் நிற்கிறேன் என்று போய்விட்டான். அகராதி தோற்று நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். ஹெட்மாஸ்டர் கமிட்டியில் யார் யார் என்று விசாரிக்க எப்போதோ நழுவியிருந்தார். மணி ஒன்றே முக்கால்.

துணி அறையில் நான் மட்டும் இருந்தேன்.

துடைக்கும் வரியை நிரலில் திரும்பச் சேர்த்தேன். தேதியை மாற்றினேன். லாகை அழிப்பதற்கு முன் கடைசியாக அந்தத் துண்டைத் திறந்து பார்த்தேன். இடப்பக்கம் எண்களும் வலப்பக்கம் அந்த எண்களுக்கான எழுத்துகளும் தெரிகிற ஜன்னல் அது. எழுத்தாகப் படிக்க முடியாததற்கெல்லாம் புள்ளி வைக்கும். இடப்பக்கம் முழுக்கப் பூஜ்யம். வலப்பக்கம் முழுக்கப் புள்ளிகள்.

மூன்றாம் வரிசையில் புள்ளிகளுக்கு நடுவே ஏதோ இருந்தது.

*அம்மா*

அந்தப் பக்கத்தால் தமிழ் எழுத்தைக் காட்டவே முடியாது. அந்த நேரத்திலும் என் புத்தி அதைத்தான் நினைத்தது. கீழே இறக்கினேன்.

*கூப்பிட்டேன்*

இன்னும் கீழே.

*யாரும் வரல*

பின்னால் தட்டில் இருந்த விரிப்புகள் லேசாகச் சரிந்தன. ஏ.சி. குளிரில் என் கழுத்துக்குப் பின்னால் ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தது. ஒருவர் நெருங்கி நின்று மூச்சு விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. நூல்கண்டின் வாசனையும், இஸ்திரி போட்ட துணியின் வாசனையும், அதற்கு அடியில் ஆஸ்பத்திரியில் யாருமே பெயர் சொல்லாத அந்த வாடையும் வந்தன.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்துவிட்டால் எதுவும் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன்.

துண்டையும் லாகையும் சேர்த்துத் துடைக்கும் கட்டளையை அடித்தேன். சுண்டுவிரல் என்டர் மேல் இருந்தது. ஜன்னலின் கடைசி வரிசையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விலகின.

*துடைக்காதே*

*அதுதான் நான் இருந்ததுக்குச் சாட்சி*

அவர் சொல்வது உண்மை. அந்தத் துண்டும் அந்த லாகும் இருந்தால் அக்கா தப்பிப்பாள். நான் மாட்டுவேன். இரண்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கை நடுங்கியது என்றோ, தெரியாமல் பட்டுவிட்டது என்றோ இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்படி நடக்கவில்லை. நான் யோசித்து, தெரிந்தேதான் அழுத்தினேன்.

எல்லாம் புள்ளிகளாயின. வெளியே வார்டில் யாரோ, ஏழாவது நின்றுவிட்டது என்று சொல்வது கேட்டது.

அப்போது என் இடது மணிக்கட்டில் ஏதோ குத்தியது. ஊசி ஒன்று தோலில் ஏறி, மறுபக்கம் வெளியே வந்து, நூலை இழுத்து இறுக்கியது போல. பார்த்தேன். காயமில்லை, ரத்தமில்லை. கழுத்தின் பின்னால் இருந்த சூடு போய்விட்டது.

போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

மூன்று மணிக்கு நீளமான மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். தையற்காரரின் மகள் ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தாள். ஹெட்மாஸ்டர் கணீரென்று அறிக்கை வாசித்தார். கமிட்டித் தலைவர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். துண்டுகளைத் துடைக்கும் அந்த வரி எப்போதும் இருந்ததா?

அக்கா குறுக்கே பேசினாள். அவளை யாரும் பேசச் சொல்லவில்லை.

“என்னைப் பார்த்துச் சொல்லுடி.”

நான் காகிதத்தைப் பார்த்தபடி, இருந்தது என்றேன்.

எச்சரிக்கைக் கடிதம் எதுவும் வரவில்லை. நான்கே நாளில் அவள் பதிவை ரத்து செய்தார்கள். தையற்காரரின் மகள் வீட்டு வாசலில் வந்து நின்று, தூங்கி என் அப்பாவைக் கொன்றவளே என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். அக்கா கதவைத் திறந்து முன்னால் நின்று முழுதும் கேட்டுக்கொண்டாள். நான் உள்ளே, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்த வாரம்தான் எனக்கு அது ஆரம்பித்தது. தலையணையில் காதை வைத்தால் என் துடிப்பு எனக்குக் கேட்கும். இரண்டு சரியாக வரும். மூன்றாவது தடுக்கும். மாடி ஏறினால் வேகம் கூடாது, உட்கார்ந்தால் குறையாது. என் உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோலத் தன் போக்கில் அது ஓடியது. டாக்டரிடம் போகப் பயமாக இருந்தது. என் மார்பில் வயர் ஒட்டினால் சுவரில் யாருடைய வரி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் மதியம் நாற்காலியில் கண்ணயர்ந்து எழுந்தபோது, என் நீலச் சட்டையின் அறுந்த பொத்தான் தைத்திருந்தது. நெருக்கமான, ஒரே அளவான தையல். அக்கா தைத்தாள் என்று நினைத்தேன். அவள் கடைக்குப் போய் இன்னும் திரும்பியிருக்கவில்லை. ஊசி என் கைவிரல்களுக்கு நடுவில் இருந்தது. எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது.

ஆபீஸில் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இடத்தைக் காலி செய்ய வைத்தால் மட்டும் போதாது, உள்ளே இருந்தது எங்கே போனது என்று பார்க்க வேண்டும் என்று. அந்த வாரம் முழுதும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி. சமையலறையில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தேன். விழுந்தது தெரிந்தது, தரையின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது தெரிந்தது. கையைக் காலை அசைக்கத்தான் முடியவில்லை. அக்கா கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இத்தனை நாள் கோபமெல்லாம் அவள் முகத்தில் இல்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு பழக்கம் விடாமல் என் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள்.

பத்து நொடியிலேயே அவள் உதடு அசைவது நின்றது.

ஆனால் கையை விடவில்லை. முழுதாக ஒரு நிமிடம் பிடித்திருந்தாள். பிறகு என் முகத்தைக் குனிந்து பார்த்தாள். தங்கையைப் பார்க்கும் பார்வை இல்லை அது.

“ஐயா?” என்றாள். எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

அக்கா, நான்தான் என்று சொல்ல முயன்றேன். நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. அது தானாக நகர்ந்தது.

“நான்தாம்மா.”

என் வாயிலிருந்து என் குரலில்தான் வந்தது. ஆனால் அவ்வளவு களைப்பாக நான் ஒருநாளும் பேசியதில்லை.

அக்காவின் கண் நிறைந்தது. “நீங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கலைங்கய்யா. ஸ்கிரீன்ல நல்லா இருக்கீங்கன்னு காட்டிச்சு.”

“தெரியும்மா. உங்க மேல தப்பில்ல. துடைக்கிற வரியை எடுத்தது இவ. சாட்சியைத் துடைக்காதேன்னு அன்னிக்கு இவகிட்டச் சொன்னேன். படிச்சுப் பார்த்துட்டுத்தான் துடைச்சா.”

உள்ளே நான் கதறினேன். பயத்தில், வெட்கத்தில், அக்கா நம்பிவிடக்கூடாதே என்ற பதைப்பில் கதறினேன். ஒரு விரல்கூட அசையவில்லை. அடுப்பில் ஏதோ கருகும் வாடை வந்தது. அக்கா எழுந்து போய் அணைத்தாள். அலமாரியைத் திறந்து எதையோ எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் நர்ஸ் சீருடை மடித்தபடி இருந்தது. என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு நோயாளியின் தலையைச் சரி செய்வதுபோல என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்குக் கமிட்டி முன்னாடி வந்து இதைச் சொல்வீங்களாய்யா?”

என் தலை அசைந்தது.

நான் அசைக்கவில்லை.